துக்கத்துக்குப் புத்தகம் உண்டு, சுவருக்கு இல்லை

கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் துக்கத்துக்கென்று தனி அடுக்கு இருக்கும். சாந்தோம் நெடுஞ்சாலைப் பக்கம் போனாலும் சரி, செப்டம்பர் 8 நெருங்கும்போது பெசன்ட் நகர் வேளாங்கண்ணிக் கோயிலைச் சுற்றி முளைக்கும் தற்காலிகக் கடைகளுக்குப் போனாலும் சரி, மெழுகுவர்த்திக்கும் செபமாலைக்கும் நடுவே அந்தச் சிறு நூல்கள் கிடக்கும். கணவனை இழந்தவருக்கு ஒன்று. பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு ஒன்று. நோயில் படுத்திருப்பவரின் தலைமாட்டில் உட்கார்ந்து வாசிக்க ஒன்று. பக்கத்திலேயே குடும்ப வாழ்வு: நல்ல மனைவி, நல்ல கணவன், பிள்ளை வளர்ப்பு, கோபத்தை அடக்குவது எப்படி, மாமியாரோடு ஒத்துப்போவது எப்படி. உள்ளே 'செபம்' என்று இருந்தால் கத்தோலிக்கர் அச்சிட்டது, 'ஜெபம்' என்று இருந்தால் புராட்டஸ்டன்ட் அச்சிட்டது. அதைத் தாண்டி இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் புத்தகங்களைச் சில மாதங்களாக வாங்கிச் சேர்க்கிறேன். சாந்தோமில் சில, லஸ் முனை நடைபாதைப் பழைய புத்தகக் குவியலில் சில, உறவினர் வீட்டு அலமாரிகளில் சில. ஒரே ஒரு சொல்லைத் தேடித்தான் எல்லாவற்றையும் புரட்டினேன். சாதி. நான் புரட்டிய வரையில், துக்கத்தைப் பற்றிய நூல்களில் அந்தச் சொல் ஒருமுறைகூட வரவில்லை. குடும்ப நூல்களில் இரண்டு இடங்களில் வந்தது. இரண்டிலும் "சாதி, மத பேதமின்றி" என்ற வழக்கமான சொற்றொடருக்குள் அடங்கிக் கிடந்தது.

இதைச் சொன்னதும் சில தோழர்கள் கேட்பார்கள்: பக்திப் புத்தகத்தில் வேறென்ன எதிர்பார்த்தாய், மதமே அபின்தானே? மார்க்ஸின் அபினை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அதற்கு முந்தைய வரிகளை மறந்துபோவது நம்முடைய பழைய வியாதி. இந்த நூல்களை வாசிப்பவர்கள் யார் என்று பாருங்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை அறிக்கையின்படி, நாட்டின் ஏறத்தாழ 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள். சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று அந்த அறிக்கையே ஒப்புக்கொண்டது. அப்படியானால் இந்தப் பத்து ரூபாய், இருபது ரூபாய்ப் புத்தகங்களை வாங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொள்பவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள். நம் அம்மாக்கள். அவர்கள் எதை வாசித்து அழுகிறார்கள் என்பதில் நமக்கு அக்கறை இல்லையென்றால், யாருக்காக எழுதிக்கொண்டிருக்கிறோம்?

என் அப்பா இறந்தபோது அன்பியக் கூட்டத்துப் பெண்கள் வந்து ஒரு மெல்லிய துக்க நூலை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அம்மா அதைத் தினமும் வாசித்தார். அவரை அது தூங்கவைத்தது. அதற்காக அந்த நூலுக்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். அதில் ஒரு பகுதி: இறந்தவரைப் புண்படுத்தியவர்களை, அவர் சார்பாக, நீங்கள் மன்னித்துவிடுங்கள். ஒருநாள் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மா சொன்னார்: "மன்னிக்கச் சொல்றாங்க. யாரைன்னு போடலியே."

அம்மா எதை நினைத்துச் சொன்னார் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. தாத்தாவின் உடலை ஊர்த் தெரு வழியாகக் கோயிலுக்கு எடுத்துப்போக விடவில்லை. வயல் வரப்பில் சுற்றிக்கொண்டு போனார்கள். விடாதவர்களும் ஞாயிற்றுக்கிழமை அதே பீடத்தின் முன் முழந்தாளிடுபவர்கள்தான். அப்பா பட்டணத்துக்கு வந்து மந்தைவெளியில் வாடகைக்கு இருந்து, முப்பது வருஷம் ஊருக்குத் திருவிழாவுக்கு மட்டும் போய்வந்தார். "என்னை இங்கேயே வச்சிடுங்க" என்பதுதான் அவர் கடைசியாக எங்களிடம் கேட்டது. சென்னைப் பாசத்தில் கேட்டது என்று அக்கம்பக்கத்தில் நினைத்துக்கொண்டார்கள்.

துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டென்று அந்த நூல்கள் சொல்கின்றன. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-இல் சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளோடு பேசி எழுதிய நூலிலிருந்து வந்தது இது; பெயர் சொல்லியும் சொல்லாமலும் எல்லாப் போதகர்களும் பயன்படுத்துகிறார்கள். இதில் கோபம் என்பது தாண்டிப் போகவேண்டிய ஒரு கட்டம். ஆனால் பாடையை வரப்பில் திருப்பிவிட்டவன் மேல் வரும் கோபம் எந்தக் கட்டத்தில் சேரும்? அதை ஏற்றுக்கொள்வதுதான் குணமாவதா? நம் சாவு வீடுகளில் இறப்பு பாதித் துக்கம்தான். இறந்த உடலை எந்த வழியாக எடுத்துப் போவது, எந்தப் பக்கம் புதைப்பது என்பது மீதிப் பாதி. அந்த மீதிக்குத்தான் புத்தகம் இல்லை.

திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே இருக்கும் சுவரைப் பற்றி உங்களில் பலர் படித்திருப்பீர்கள். தலித்துகளின் கல்லறைகள் ஒரு பக்கம், மற்றவர்களுடையவை மறுபக்கம். அதை இடிக்கச் சொல்லிப் பல ஆண்டுகள் போராட்டங்கள் நடந்தன. கள்ளக்குறிச்சிப் பக்கத்து எறையூரில், சவ வண்டி எந்தத் தெருவில் போவது, கோயிலில் யார் எங்கே உட்காருவது என்ற பிரச்சினை தனிப் பங்குக் கோரிக்கையாக வளர்ந்து, 2008 மார்ச்சில் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் கோயிலையே இரண்டு கால்களாகப் பிரித்துக் கட்டினார்கள். வேளாளர் ஒரு காலில், நாடார் மறுகாலில். பீடத்திலிருந்து பார்த்தால் இரு பக்கமும் தெரியும், இந்தப் பக்கத்தவருக்கு அந்தப் பக்கத்தவர் தெரியமாட்டார்கள். கால்சட்டைக் கோயில் என்றே அதற்குப் பெயர். நடுச்சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது, வழக்கும் நடந்தது. இந்த வரலாற்றை ஆ.சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். வெளியிட்டது காலச்சுவடு. நான் போன கிறிஸ்தவப் புத்தகக் கடை எதிலும் அது இல்லை. ஒரு கடையில் கேட்டபோது, "அது நம்ம புக் இல்லையே தம்பி" என்றார்கள். சரிதான்.

கிறிஸ்தவ எழுத்து எப்போதும் இப்படி வாயை மூடிக்கொண்டு இருந்ததா என்றால், இல்லை. இந்திய மண்ணில் அச்சான முதல் தமிழ் நூலே கிறிஸ்தவ நூல்தான்: 1578-இல் கொல்லத்தில் வந்த 'தம்பிரான் வணக்கம்'. தரங்கம்பாடி அச்சகம், வேப்பேரி அச்சகம், 1858-இல் தன் வரலாற்றைத் தொடங்கிய பார்க் டவுன் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் என்று சென்னையின் அச்சு வரலாற்றில் பெரும்பகுதி சபையின் வரலாறு. அந்த வரலாற்றில் சாதிச் சண்டை வெளிப்படையாகவே அச்சேறியது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய கீர்த்தனைகள் இன்றைக்கும் மயிலாப்பூரிலும் அடையாறிலும் ஞாயிறு காலையில் பாடப்படுகின்றன; சாவு வீட்டிலும் பாடுகிறார்கள், பாடும்போது கண் கலங்குகிறது. அதே சாஸ்திரியார் 1829-இல் சபைக்குள் சாதி வேறுபாட்டை ஒழிக்கக் கூடாது என்று வாதாடி எழுதினார். பந்தியும் பாத்திரமும் பொதுவாகக் கூடாது என்பது அவர் தரப்பு. 1833-இல் ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதிப் பாகுபாடு கூடாதென்று ஆணையிட்டபோது தஞ்சைப் பக்கத்துச் சாதிக் கிறிஸ்தவர்கள் பெருமளவில் விலகி நின்றார்கள். அவர்கள் சொன்னது அநியாயம்தான். ஆனால் சொன்னார்கள், எதிர்த்தும் எழுதினார்கள். இன்றைக்கு அடுக்கில் கீர்த்தனைப் புத்தகம் இருக்கிறது, அந்தச் சண்டை இல்லை.

குடும்ப நூல்களுக்கும் இந்த ஊரில் நீண்ட வரலாறு உண்டு. 19-ஆம் நூற்றாண்டுச் சென்னையில் பெண்களுக்குப் பள்ளிகள் நடத்திய அன்னா சத்தியநாதன், பிள்ளை வளர்ப்பைப் பற்றி 'நல்ல தாய்' என்ற நூலைத் தமிழில் எழுதினார். அவர் மருமகள் கிருபாபாய் சத்தியநாதன் ஆங்கிலத்தில் எழுதிய 'சகுணா', 1887-88இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. மதம் மாறிய ஒரு பிராமணக் குடும்பத்தின் கதை. அண்ணனின் சாவு அதில் ஆழமான காயமாக வருகிறது. கிருபாபாய் தன் ஒரே குழந்தையையும் பறிகொடுத்து, 1894-இல் முப்பத்திரண்டு வயதில் இறந்துபோனார். விசுவாசம், துக்கம், குடும்பம் என்ற மூன்றையும் ஓர் இந்தியக் கிறிஸ்தவப் பெண் அந்தக் காலத்திலேயே இவ்வளவு நேர்மையாக எழுதியது சாதாரணமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கதைக் குடும்பத்துக்கு விட்டு வருவதற்கு ஒரு சாதி இருந்தது, அதன் இழப்பும் ஒரு துயரமாக எழுதப்பட்டது. சேரியிலிருந்து வந்தவர்களுக்கு அந்தத் துயரம் கிடையாது. அவர்களுக்கு இருந்தது வேறு துயரம்: விட்டு வந்த பிறகும் அது கூடவே வந்தது.

இதை எழுத இன்னொரு நூறு ஆண்டு ஆனது. 1992-இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கே ஏழைப் பிள்ளைகளுக்கென்று நினைத்துப் போன வாழ்க்கை பணக்காரப் பிள்ளைகளின் பள்ளியில் முடிவதைப் பார்த்து, சாதி அங்கேயும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, வெளியே வந்த ஒரு பெண் எழுதியது. தலித் தன்வரலாறு என்றுதான் நாம் அதைப் பேசுகிறோம். என்னைக் கேட்டால் தமிழில் வந்த ஆகச்சிறந்த கிறிஸ்தவத் துக்க நூல் அது. விசுவாசத்தை இழப்பதும் இழக்க முடியாமல் தவிப்பதும் அதில் இருக்கின்றன. அவருடைய 'சங்கதி' குடும்ப வாழ்வு நூல்: அடி, உழைப்பு, பேய் பிடிப்பது, பேச்சுச் சாமர்த்தியம், எல்லாமும் அதில் உண்டு. பொறுமையாய் இரு மகளே என்று அது யாருக்கும் புத்தி சொல்வதில்லை. அவர் அண்ணன் ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திர'த்தில் ஒரு கத்தோலிக்கப் பையன் படித்துப் பட்டம் வாங்கி, கிறிஸ்தவன் என்பதால் இடஒதுக்கீடு இல்லாமல் அலைந்து, கடைசியில் வேலைக்காக இந்துவாகிறான். சிரிக்கச் சிரிக்க எழுதப்பட்ட துக்கம் அது.

இந்த மூன்றும் இலக்கியக் கடைகளில் கிடைக்கும், செபமாலை விற்கும் கடைகளில் கிடைக்காது. 'கருக்கு' முதலில் வந்தது சபையோடு தொடர்புள்ள மதுரை ஐடியாஸ் மையத்திலிருந்து என்பதை இங்கே சொல்லாவிட்டால் நியாயமாகாது. சபைக்குள்ளும் இதைச் செய்யத் துணிந்தவர்கள் இருந்தார்கள்.

இருந்தார்கள் மட்டுமில்லை, சென்னையில் ஒரு பெரிய சிந்தனைப் பள்ளியே அவர்கள் கையால் உருவானது. கீழ்ப்பாக்கம் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் 1980-களில் தலித் இறையியல் துறையை நடத்தினார். கடவுளைத் தலித்தாகவே காணவேண்டும் என்றார். அவர் நூலை 1990-இல் வெளியிட்டது அதே பார்க் டவுன் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம். ஒரே நிறுவனம்! ஆனால் அவை ஆங்கிலத்தில் வந்தன. இறையியல் மாணவர்கள் தேர்வுக்குப் படித்தார்கள், கருத்தரங்குகளில் மேற்கோள் காட்டினார்கள், ஜெனீவாவிலும் வாசித்தார்கள். அதே மாணவர் போதகராகிச் சைதாப்பேட்டைக்கோ அடையாறுக்கோ வந்து ஒரு விதவைக்குக் கொடுக்கும் தமிழ்ப் புத்தகத்தில் நிர்மலின் ஒரு வாக்கியமும் கிடையாது. ஆயர் பேரவையின் 2016 அறிக்கையின் கதியும் இதுதான். சாதியை ஒப்புக்கொள்வது ஆங்கிலத்தில். ஆறுதல் சொல்வது தமிழில். என் குற்றச்சாட்டு மொத்தமும் இந்த இரண்டு வரிதான்.

விதிவிலக்காக ஒருவரைச் சொல்ல வேண்டும். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு. பரட்டை என்றால்தான் பலருக்குத் தெரியும், 2005-இல் காலமானார். அவர் இறையியலைக் கட்டுரையாக வைக்காமல் நாட்டுப்புற மெட்டில் பாட்டாக்கினார். கடவுளை ஆண்டவரே, ராஜாவே என்று கூப்பிடுவதை விட்டுப் 'பெத்தவரே' என்றார். அந்தச் சொல்லில் அப்பாவும் இருக்கிறார், அம்மாவும் இருக்கிறார். எல்லோருக்கும் ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து தின்பதைத்தான் அவர் நற்கருணை என்று புரிந்துகொண்டார். சமபந்தியை எதிர்த்து எழுதிய சாஸ்திரியாருக்கு நூற்றெழுபது வருஷம் கழித்து வந்த பதில் என்றே எனக்குப் படுகிறது. குடும்ப வாழ்வைப் பற்றி இதைவிட நல்ல யோசனை அந்த அடுக்கிலிருக்கும் எந்த நூலிலும் இல்லை.

ஏன் இல்லை? மூன்று பதில்கள் சொல்கிறார்கள். முதலாவது, துக்க வீட்டில் சாதியைப் பேசக்கூடாது என்பது. வரப்பில் போன பாடையைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். துக்க வீட்டுக்குள் சாதியைக் கொண்டுவந்தது நாங்கள் இல்லை. இரண்டாவது, வியாபாரம். எல்லாப் பங்கிலும் விற்கவேண்டிய புத்தகம், எந்தச் சாதிக்காரரும் முகம் சுளிக்கக்கூடாது. இது உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். மூன்றாவது, பெரும்பாலானவை மொழிபெயர்ப்பு அல்லது மொழிபெயர்ப்பின் நகல். அமெரிக்கப் புறநகர் வீட்டில் ஒரு கணவன், ஒரு மனைவி, இரண்டு பிள்ளைகள். பிரச்சினை என்னவென்றால் இருவரும் மனம்விட்டுப் பேசுவதில்லை. தி.நகரில் விற்கும் சுயமுன்னேற்ற நூல்களுக்கும் இவற்றுக்கும் அட்டைப்படத்தில் புறா இருக்கிறதா இல்லையா என்பதுதான் வேறுபாடு.

அமெரிக்காவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டுமானால் எடுக்க வேறு ஒன்று இருந்தது. ஜேம்ஸ் கோன் என்ற கறுப்பின இறையியலாளர் 2011-இல் 'சிலுவையும் தூக்கு மரமும்' என்ற பொருள்படும் நூலை எழுதினார். வெள்ளை நிறவெறிக் கும்பல்கள் கறுப்பர்களை மரத்தில் தொங்கவிட்ட அதே நாட்டில், நாள்தோறும் சிலுவையைப் பற்றிப் பேசிய பெரிய வெள்ளை இறையியலாளர்கள் இந்த இரண்டு மரங்களையும் சேர்த்துப் பார்க்கவே இல்லையே, ஏன் என்று கேட்டார். கறுப்பினத் தாய்மார்களுக்கு அந்த இணைப்பு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. சி.எஸ்.லூயிஸ் மனைவியை இழந்து 1961-இல் எழுதிய துக்கக் குறிப்பைப் போதகர்கள் விரும்பி மேற்கோள் காட்டுவார்கள். அருமையான நூல், கடவுளிடமே சண்டை போடுகிறது. அதனால் முதலில் வேறு பெயரில்தான் வெளியிட்டார். அந்தச் சண்டைக்கு நம் சபைகளில் மதிப்பு இருக்கிறது. கடவுளிடம் சண்டை போடலாம், பங்குப் பேரவையிடம் போடக்கூடாது.

திருமணத்துக்கு வருவோம். கத்தோலிக்கத் திருமணத்துக்கு முன் தயாரிப்பு வகுப்பு கட்டாயம். மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். வகுப்பில் கொடுக்கும் கையேட்டில் உடல்நலம், பணம், செபம், பிள்ளைப்பேறு எல்லாம் உண்டு. ஆனால் அந்த இருவரும் அந்த வகுப்புக்கு வந்து சேர்ந்ததே எப்படி? மணமகன் தேவை, மணமகள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள். ஆர்.சி. வன்னியர், ஆர்.சி. உடையார், சி.எஸ்.ஐ. நாடார், கிறிஸ்தவ வேளாளர். திருமுழுக்குத் தண்ணீர் கழுவாததை மண விளம்பரம் பத்திரமாக வைத்திருக்கிறது. சாதி தாண்டிக் காதலித்தவர்களுக்கு அந்தக் கையேட்டில் ஒரு பக்கமும் இல்லை. நாம் பெருமையாகப் பேசும் 1967 சுயமரியாதைத் திருமணச் சட்டமும் அவர்களுக்குப் பயன்படாது. அது இந்துத் திருமணச் சட்டத்துக்குள் செருகப்பட்ட திருத்தம். பெற்றோரும் பங்குத் தந்தையும் கைவிட்டால் அவர்களுக்கு இருக்கும் ஒரு வழி சிறப்புத் திருமணச் சட்டமும் அதன் முப்பது நாள் அறிவிப்பும்.

அப்புறம் சான்றிதழ். எங்கள் தெருவில் பல வீடுகளில் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர். கோயில் பதிவேட்டில் ஒரு புனிதர், பள்ளிச் சான்றிதழில் ஒரு முருகன். காரணம் 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில்லை என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் இசுலாமியரும் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் நாங்கள் பிற்படுத்தப்பட்டோர். பிள்ளைக்கு எந்தப் பெயர் வைப்பது, எந்தப் படத்தைக் கூடத்திலிருந்து கழற்றி வைப்பது, ஆய்வுக்கு வரும் அதிகாரி முன் யார் வாயைத் திறப்பது: ஒரு தலித் கிறிஸ்தவக் குடும்பம் படுக்கையறையில் குசுகுசுவென்று பேசும் விஷயம் இதுதான். குடும்ப வாழ்வு நூல் எழுதுகிறவருக்கு இது தெரியாதா? தெரியும். அவர் வீட்டிலும் சில நேரம் நடந்திருக்கும்.

இந்த மௌனத்துக்கு விலை உண்டு. அது நீதிமன்றப் பதிவிலேயே இருக்கிறது. மவுண்ட் ரோடும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் சந்திக்கும் முனையில், மயிலாப்பூரிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒருவர் தெருவோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்தார். பெயர் சூசை. ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். தெருவோரத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகப் பங்க் கொடுத்தபோது பட்டியல் சாதி இந்துக்களுக்குக் கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை. அதே செருப்பு, அதே வெயில். உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-இல் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. காரணத்தைக் கவனியுங்கள்: மதம் மாறிய பிறகும் சாதியின் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்ட வேண்டும், கிறிஸ்தவச் சமூகத்தின் இன்றைய நிலையை விரிவாக ஆராய்ந்த எந்த ஆதாரபூர்வமான ஆய்வும் எங்கள் முன் வைக்கப்படவில்லை. அதாவது, எழுதி வைத்தது எங்கே என்று கேட்டார்கள். 1578-இலிருந்து புத்தகம் அச்சிட்டுக்கொண்டிருக்கும் ஒரு சபை அவருக்குப் பின்னால் இருந்தது.

2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் அதே நீதிமன்றம், கிறிஸ்தவ விசுவாசத்தைப் பின்பற்றிக்கொண்டு இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்பை ஏமாற்றுவது என்றது. பெற்றோரின் திருமணப் பதிவும் பிள்ளைகளின் திருமுழுக்குப் பதிவும் அவருக்கு எதிரான சான்றுகளாயின. குடும்பத்தில் யாருக்கு எங்கே ஞானஸ்நானம் என்பதை ஒரு நாளும் தவறவிடாமல் சபை எழுதி வைத்திருக்கிறது. யாருடைய உடலை எந்தத் தெருவில் விடவில்லை என்பதை எழுதவில்லை. எழுதியதெல்லாம் எங்களுக்கு எதிராகவும், எழுதாததும் எங்களுக்கு எதிராகவும் போய் நிற்கிறது.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம், மதம் மாறிய ஆதிதிராவிடர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை கோரித் தீர்மானம் போட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஒன்றிய அரசு கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இதை ஆராய ஓர் ஆணையம் அமைத்தது. ஆணையங்கள் ஆதாரம் கேட்கும். அந்த ஆதாரம் பேராசிரியர்களின் ஆய்வேட்டில் மட்டும் இருக்கவேண்டும் என்று யார் சொன்னது?

எனக்கு வேண்டியது சின்ன விஷயம். பார்க் டவுனிலோ சாந்தோமிலோ நாற்பது பக்கத்தில், அதே மலிவு விலையில், அதே புறா அட்டையோடுகூட, ஒரு தமிழ்த் துக்க நூல். மன்னிப்பைப் பற்றிய அத்தியாயத்தில் யாரை என்று போட்டு. திருமணக் கையேட்டில் சாதி தாண்டியவர்களுக்கு இரண்டு பக்கம், சான்றிதழைப் பற்றி இரண்டு பக்கம். பங்கு மலரின் மண விளம்பரத்தில் சாதியைப் போட மறுக்கும் ஓர் ஆசிரியர். நிர்மலை மொழிபெயர்க்கக்கூடப் புது ஆள் தேட வேண்டியதில்லை, அவர் நூல் அவர்கள் கிடங்கிலிருந்து வெளிவந்ததுதான்.

இதை வாசிக்கும் தம்பி தங்கைகள் அதுவரை காத்திருக்க வேண்டாம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய குயிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்துக்கு அன்று காலையிலிருந்தே கூட்டம் வரும். பூ, மெழுகுவர்த்தி, ஊதுவத்தி, வெள்ளையடித்த கல்லறை. ஊரில் புதைக்காமல் இங்கே ஏன் புதைத்தீர்கள் என்று பக்கத்தில் நிற்கும் பெரியவரிடம் கேளுங்கள். ஃபோனில் பதிவு செய்ய அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். தேதியும் ஊர்ப் பெயரும் எழுதிக்கொள்ளுங்கள். என் அம்மாவும் அங்கேதான் இருப்பார், மதியம் வரை.